ஜார் நிக்கோலஸ் பலவீனமான ராஜாவா? 1917க்கு முன்னாடி அரண்மனைல நடந்தது என்ன

நீங்க கேட்டது இதுதான்: ரஷ்யாவுல 1917ல புரட்சி வந்ததுக்கு ஜார் ரெண்டாம் நிக்கோலஸ் பலவீனமான ஆளா இருந்ததுதான் காரணமா, அவர் இடத்துல வேற யாராவது கெட்டிக்கார ராஜா இருந்திருந்தா தப்பிச்சிருக்குமா. இதுக்கு பெரும்பாலும் வர்ற பதில் "பொண்டாட்டி பேச்ச கேட்டாரு, ரஸ்புடின்ங்கற சாமியார் பேச்ச கேட்டாரு, கெட்டாரு"ன்னு முடிஞ்சிடும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நிக்கோலஸ் நிறைய விஷயத்துல தயங்குற ஆளுதான், மூஞ்சிக்கு நேரா யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டாரு, ஆனா ஒரு விஷயத்துல மட்டும் 22 வருஷம் அசையவே இல்ல. அதிகாரத்த யாரோடயும் பங்கு போட முடியாது, அது கடவுள் எனக்கு குடுத்தது, அப்பா எப்படி குடுத்தாரோ அப்படியே என் புள்ளைக்கு குடுக்கணும்ங்கறதுதான் அது. பஞ்சமும் போரும் கலவரத்த கொண்டு வரும், சரி, அந்தக் கலவரம் ராஜாவோட நாற்காலியவே தூக்கிட்டு போச்சுன்னா அதுக்கு காரணம் இந்தப் பிடிவாதம்னுதான் நான் சொல்லுவேன். ஏன்னு விளக்கமா சொல்றேன்.

முதல்ல ஒண்ண தெளிவுபடுத்திடுறேன், ஏன்னா இங்க நிறைய பேருக்கு குழப்பம் இருக்கு. 1917ல புரட்சி ரெண்டு தடவ நடந்துச்சு. ஜார் போனது பிப்ரவரில, லெனின் ஆட்சிய பிடிச்சது அக்டோபர்ல. பிப்ரவரில லெனின் ரஷ்யாவுலயே இல்ல, ஸ்விட்சர்லாந்துல ஜூரிக்ல இருந்தாரு, அந்த வருஷம் ஜனவரில அங்க இளைஞர்கள் கூட்டத்துல பேசும்போது, வரப்போற புரட்சியோட முடிவான போராட்டத்த எங்கள மாதிரி வயசானவங்க பாக்காமலே போயிடலாம்னு சொல்லியிருக்காரு. அப்போ அவருக்கு 46 வயசு. அதனால ஜார கவுத்தது போல்ஷெவிக், அதாவது லெனின் கட்சியோட சதின்னு சொல்றது ஆதாரமில்லாத பேச்சு. (தேதியெல்லாம் அப்போ ரஷ்யாவுல இருந்த பழைய காலண்டர் படி சொல்றேன், நம்ம காலண்டருக்கு 20ம் நூற்றாண்டுல 13 நாள் கூட்டிக்கணும்.)

நிக்கோலஸ் பட்டத்துக்கு வந்தது 1894ல, 26 வயசுல. அவங்க அப்பா மூணாம் அலெக்சாண்டர் 49 வயசுல கிட்னி நோய்ல செத்துட்டாரு, யாருமே எதிர்பாக்கல, பையனுக்கு ஆட்சி நடத்த பெருசா பயிற்சியும் குடுக்கல. அதுக்கும் முன்னாடி 1881ல தாத்தா ரெண்டாம் அலெக்சாண்டர, அதாவது பண்ணையடிமை முறைய 1861ல ஒழிச்ச அதே ஜார, குண்டு வீசி கொன்னாங்க. கால் ரெண்டும் சிதைஞ்சு அரண்மனைக்கு தூக்கிட்டு வந்தப்ப அந்த ரூம்ல நின்னு பாத்த பேரன் நிக்கோலஸ், 12 வயசு. இத நான் ஏன் சொல்றேன்னா, தாத்தா சீர்திருத்தம் பண்ணாரு, குண்டுல செத்தாரு, அப்பா இரும்புக்கரம் காட்டுனாரு, படுக்கைல செத்தாருன்னு அந்தக் குடும்பமே ஒரு பாடம் படிச்சு வச்சிருந்துச்சு, அப்பாவுக்கும் பையனுக்கும் வாத்தியாரா இருந்த பொபெதொனோஸ்த்செவ் பார்லிமெண்ட்ங்கறதே பெரிய பொய்னு நம்புனவரு. அதனால நிக்கோலஸோட பிடிவாதத்த வெறும் ஆணவம்னு சொல்லிட முடியாது, அது அவருக்கு ஒரு மதக் கடமை மாதிரி.

பட்டத்துக்கு வந்து மூணு மாசத்துலயே அது வெளிய வந்துடுச்சு. த்வேர் மாகாணத்துல இருந்த ஸெம்ஸ்த்வோ, அதாவது உள்ளூர் ஆட்சி சபை, அதுல இருந்தவங்க ரொம்ப பவ்யமா ஒரு மனு குடுத்தாங்க, மக்களோட குரல் சிம்மாசனம் வரைக்கும் கேக்கணும்ங்கறதுதான் சாராம்சம். இவங்க யாரும் புரட்சிக்காரங்க இல்ல, நிலபுலன் உள்ள பெரிய மனுஷங்க, ஜாருக்கு விசுவாசமானவங்க. 1895 ஜனவரி 17 அன்னைக்கு இந்த மாதிரி பிரதிநிதிங்கள முன்னால நிக்க வச்சு, ஆட்சில பங்கு கேக்குறதெல்லாம் அர்த்தமில்லாத கனவு, என் அப்பா காத்த மாதிரியே எதேச்சாதிகாரத்த நானும் காப்பேன்னு பேசிட்டாரு. படிச்ச, மிதமான, சட்டத்த மதிக்கிற ஒரு வர்க்கம் அன்னைக்கு வெறும் கையோட திரும்பி போச்சு. என்னப் பொறுத்தவரைக்கும் 1917க்கு போற பாதை இங்க இருந்துதான் தொடங்குது, ஏன்னா பின்னாடி ஜாருக்கு ஆபத்து வந்தப்ப அவருக்காக நின்னிருக்க வேண்டியவங்க இவங்கதான்.

1896ல முடிசூட்டு விழாவுக்கு மாஸ்கோல ஹொதின்கா மைதானத்துல பரிசு குடுக்குறாங்கன்னு கூட்டம் கூடி நெரிசல்ல அரசு கணக்குப்படியே 1,389 பேர் செத்தாங்க, அன்னைக்கு ராத்திரி பிரெஞ்சு தூதர் வச்ச நடன விருந்துக்கு ராஜாவும் ராணியும் போனாங்க. போக வேண்டாம்னு அவருக்கே தோணியிருக்கு, மாமா சித்தப்பாங்க பிரான்ஸ் மனசு கோணக்கூடாதுன்னு அனுப்பி வச்சாங்க. அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு போயி பாத்தாரு, பணமும் குடுத்தாரு. ஆனா ஜனங்க ஞாபகத்துல நின்னது அந்த நடனம்தான்.

ஆட்சி எப்படி நடந்துச்சுன்னு கொஞ்சம் கிட்டக்க பாத்தா இன்னும் புரியும். 1897ல எடுத்த மக்கள்தொகை கணக்குல தொழில்ங்கற எடத்துல அவர் எழுதுனது "ரஷ்ய மண்ணின் எஜமான்". பன்னெண்டரை கோடி ஜனங்க இருந்த நாடு அது. அந்த எஜமானுக்கு பர்சனல் செக்ரட்டரி கிடையாது, வச்சுக்கவும் மாட்டாரு, லெட்டர் கவர் ஒட்டுறது வரைக்கும் தானே பண்ணுவாரு. மினிஸ்டருங்க தனித்தனியா வந்து ரிப்போர்ட் குடுப்பாங்க, 1905 வரைக்கும் ஒண்ணா உக்காந்து கொள்கை முடிவு பண்ற மந்திரிசபைன்னு ஒண்ணு உருப்படியா இல்ல, ஒருத்தர் என்ன பண்றாருன்னு இன்னொருத்தருக்கு தெரியாது. திறமையான மினிஸ்டர் யாராவது பெருசா வளர்ந்தா ராஜாவுக்கு சங்கடம் வந்துடும், நேர்ல சிரிச்சு பேசி அனுப்புவாரு, பின்னாடியே வேலைய விட்டு தூக்குன லெட்டர் போகும். ரயில்வேயும் தொழிற்சாலையும் தங்க நாணய முறையும் கொண்டு வந்த விட்டேக்கு 1903ல நிதி இலாகா இப்படித்தான் போச்சு. நாடு ஒரு பக்கம் வேகமா மாறிக்கிட்டு இருக்கு, கிராமத்துல நிலம் பத்தாம விவசாயி டவுனுக்கு வந்து ஃபேக்டரில சேர்றான், சங்கம் வைக்க உரிமை இல்ல, ஸ்ட்ரைக் பண்ணா குத்தம், இதையெல்லாம் கேக்குற ஒரு அமைப்பு மேல இல்லவே இல்ல.

1905 ஜனவரி 9, ரத்த ஞாயிறு. ஜப்பானோட போர்ல தோத்துக்கிட்டு இருந்த நேரம், போர்ட் ஆர்தர் கோட்டை அப்பதான் விழுந்திருந்துச்சு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல புதிலோவ் ஃபேக்டரில தொடங்குன ஸ்ட்ரைக் ஊர் பூரா பரவி, பாதிரியார் கபோன் தலைமைல தொழிலாளிங்க குடும்பத்தோட சாமி படமும் ஜார் படமும் தூக்கிக்கிட்டு, பக்திப் பாட்டு பாடிக்கிட்டு குளிர்கால அரண்மனைக்கு மனு குடுக்க போனாங்க. எட்டு மணி நேர வேலை, நியாயமான கூலி, மக்கள் தேர்ந்தெடுக்குற சபை, இதுதான் மனுவுல. ஜார் அரண்மனைலயே இல்ல, ஊருக்கு வெளிய ஜார்ஸ்கோயே செலோல இருந்தாரு. சுட சொல்லி அவர் உத்தரவு போடல. ஆனா வர்றாங்கன்னு முன்னாடியே தெரியும், போயி நிக்கல, தன் சார்பா மனுவ வாங்க ஒருத்தரையும் அனுப்பல. அரசு கணக்குலயே 130 பேர் வரைக்கும் செத்தாங்க. அதுக்கப்புறம் பண்ணது இன்னும் மோசம், பத்து நாள் கழிச்சு போலீஸ் பொறுக்கி எடுத்த 34 தொழிலாளிங்கள அரண்மனைக்கு கூப்பிட்டு, உங்க குத்தத்த நான் மன்னிக்கிறேன்னு சொன்னாரு. செத்தது அவங்க ஆளுங்க, மன்னிப்பு குடுத்தது ராஜா. "ஜார் நல்லவரு, சுத்தி இருக்கற அதிகாரிங்கதான் கெட்டவங்க"ன்னு ரஷ்ய ஜனங்க பல தலைமுறையா நம்பிக்கிட்டு வந்தது தலைநகரத்துல அன்னைக்கோட உடைஞ்சுடுச்சு.

இப்போ இத கவனிங்க, 1905ல நிலைமை 1917 அளவுக்கே மோசம். போர்ல தோல்வி, நாடு பூரா ஸ்ட்ரைக், ரயில் ஓடல, கிராமத்துல பண்ணை வீடுங்க எரியுது, பொடெம்கின் போர்க்கப்பல்ல மாலுமிங்க கலகம். ஆனாலும் ஜார் தப்பிச்சாரு. எப்படின்னா, விட்டேயோட யோசனைப்படி அக்டோபர் 17 அன்னைக்கு ஒரு அறிக்கை விட்டாரு, பேச்சுரிமை, கூட்டம் கூடுற உரிமை, டூமாங்கற தேர்தல் சபை, அதோட ஒப்புதல் இல்லாம எந்த சட்டமும் வராதுங்கற வாக்கு. உடனே மிதவாதிங்க ஒரு பக்கம் நகர்ந்தாங்க, புரட்சிக்காரங்க தனியா போனாங்க, ராணுவத்துல பெரும்பகுதி விசுவாசமா நின்னுச்சு, மிச்சத்த துப்பாக்கியால அடக்கிட்டாங்க. விட்டுக்குடுத்தா ராஜ்யம் நிக்கும்ங்கறதுக்கு இதவிட நேரடியான ஆதாரம் என்ன வேணும்? நிக்கோலஸ் இத தலைகீழா புரிஞ்சுக்கிட்டாரு. தன்ன மிரட்டி கையெழுத்து வாங்கிட்டாங்கன்னுதான் கடைசி வரைக்கும் நெனச்சாரு. 1906 ஏப்ரல்ல அடிப்படை சட்டம் எழுதும்போது, முன்னோருங்க குடுத்த அதிகாரத்தோட எல்லைய மாத்த எனக்கு உரிமை இருக்கான்னு மனசு அடிச்சுக்குதுன்னு கூட்டத்துலயே சொல்லியிருக்காரு. "எதேச்சாதிகார" ங்கற பட்டத்த சட்டத்துல விடாம வச்சாரு. முதல் டூமா கூடுன பத்தே வாரத்துல கலைப்பு, ரெண்டாவது டூமா 1907 ஜூன்ல கலைப்பு, அதோட தேர்தல் சட்டத்தையே மாத்தி பணக்கார நிலச்சுவான்தாருக்கு சாதகமா ஆக்கிட்டாங்க. விட்டேய எப்பவோ அனுப்பியாச்சு.

அடுத்து வந்த பிரதமர் ஸ்தொலிபின் கடுமையான ஆளு, தூக்குமேடைய தாராளமா பயன்படுத்துனவரு, ஆனா விவசாயிக்கு சொந்த நிலம் குடுத்து அவன ராஜ்யத்துக்கு தூணா ஆக்கணும்னு திட்டம் வச்சிருந்தவரு. 1911 வாக்குல அவர் மேலயும் ராஜாவுக்கு வெறுப்பு வந்துடுச்சு, அந்த வருஷம் செப்டம்பர்ல கியெவ் நாடக அரங்கத்துல ஜார் அங்க இருக்கும்போதே ஸ்தொலிபின சுட்டாங்க, நாலு நாள்ல போயிட்டாரு. அதுக்கப்புறம் அந்த அளவுக்கு ஒரு மனுஷன் பிரதமரா வரவே இல்ல, வர விடல.

ரஸ்புடின் பத்தி கொஞ்சமா சொல்லிடுறேன், நிறைய பேர் கதை கதையா எழுதிட்டாங்க. 1904ல பிறந்த வாரிசு அலெக்சேய்க்கு ரத்தம் உறையாத நோய், அத நாட்டுக்கே மறைச்சு வச்சாங்க, குழந்த வலில துடிக்கும்போது இந்த ஆள் வந்தா அடங்குதுன்னு ராணி அலெக்சாந்த்ரா நம்புனாங்க. ஒரு தாயா அந்த தவிப்பு எனக்கு புரியுது. நோய மறைச்சதால அந்த ஆள் ஏன் அரண்மனைல இருக்கான்னு ஜனங்களுக்கு தெரியல, அதனால அசிங்கமான வதந்திதான் பரவுச்சு. அவர் ரஷ்யாவ ஆண்டாருங்கறது மிகை. ராஜாவுக்கு பக்கத்துல பொறுப்பான மந்திரிசபைன்னு ஒண்ணு இருந்திருந்தா அவரால ஒரு குமாஸ்தாவக்கூட மாத்தியிருக்க முடியாது.

1914ல போர். அந்த வருஷ ஆரம்பத்துலயே பழைய உள்துறை மினிஸ்டர் துர்னொவோ, ஜெர்மனியோட போர் வந்து தோத்தா சமூகப் புரட்சி நிச்சயம்னு எழுதி குடுத்தாரு, அவரு பக்கா வலதுசாரி. யாரும் கண்டுக்கல. 1915 கோடைல போலந்து பூரா கைய விட்டுப் போச்சு, துப்பாக்கி பத்தல, குண்டு பத்தல. அந்த ஆகஸ்ட் மாசத்த நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிறேன், ஏன்னா ஜாருக்கு கெடச்ச கடைசி நல்ல வாய்ப்பு அதுதான். டூமாவுல வலதுசாரில இருந்து லிபரல் வரைக்கும் பெரும்பான்மை உறுப்பினருங்க சேர்ந்து முற்போக்கு அணின்னு ஒண்ணு அமைச்சாங்க. அவங்க கேட்டது குடியரசு இல்ல, ஜார் போகணும்னு கேக்கல, டூமாவுக்கு கட்டுப்பட்ட மந்திரிசபை வேணும்னுகூட கேக்கல, நாட்டோட நம்பிக்கைய பெற்ற ஆளுங்கள மினிஸ்டரா போடுங்க, போர ஒழுங்கா நடத்தலாம்னு கேட்டாங்க, அவ்வளவுதான். மினிஸ்டருங்கள்லயே பல பேரு இதுக்கு சாதகமா இருந்தாங்க. அதே நேரத்துல ஜார் தானே படைத்தளபதியா பொறுப்பு எடுத்துக்கறேன்னு கெளம்புனாரு. மினிஸ்டருங்க நேர்ல கெஞ்சி பாத்தாங்க, முடியல, ஆகஸ்ட் 21 அன்னைக்கு எட்டு பேரு கையெழுத்து போட்டு லெட்டர் குடுத்தாங்க, இது உங்களுக்கும் ராஜ வம்சத்துக்கும் நாட்டுக்கும் ஆபத்தா முடியும்னு. இனிமே ஒவ்வொரு தோல்வியும் நேரா ராஜா தலைல விழும், தலைநகரத்துல ஆள் இருக்க மாட்டாருங்கறது அவங்க பயம். ரெண்டு நாள்ல ஜார் பொறுப்பு எடுத்துக்கிட்டாரு, செப்டம்பர் ஆரம்பத்துல டூமாவ தள்ளி வச்சாரு, கையெழுத்து போட்ட மினிஸ்டருங்கள ஒவ்வொருத்தரா வெளிய அனுப்ப ஆரம்பிச்சாரு. அவர் பலவீனமானவருன்னு சொல்றவங்க இந்த ஒரு மாசத்த பாக்கணும். மந்திரிசபை, டூமா, அம்மா, எல்லாரும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், தான் நெனச்சத நடத்திக் காட்டுனாரு.

அப்புறம் மொகில்யோவ் ராணுவ தலைமையகத்துல போயி உக்காந்துட்டாரு, தலைநகரத்துல ராணி. அதுல இருந்து 1917 பிப்ரவரி வரைக்கும் நாலு பிரதமர், கொரெமிகின், ஸ்த்யூர்மர், த்ரெபோவ், கொலித்சின். உள்துறைக்கும் அதே கதி, கடைசில வந்த புரொத்தொபோபோவோட நிதானத்தப் பத்தி ஜாருக்கே சந்தேகம் இருந்துச்சு, மாத்த பாத்தாரு, ராணி விடல. 1916 டிசம்பர்ல ராணி எழுதுன லெட்டர்ல, பீட்டர் மாமன்னன் மாதிரி இரு, பயங்கர இவான் மாதிரி இரு, எல்லாரையும் நசுக்குன்னு இருக்கு. அந்த மாசமே ரஸ்புடின கொன்னாங்க, கொன்னவங்க யாரு? ஜாரோட தங்கச்சி மகள கட்டுன யூசுபோவ் இளவரசர், ஜாரோட சித்தப்பா மகன் திமித்ரி, டூமாவுல இருந்த தீவிர ராஜ விசுவாசி புரிஷ்கெவிச். ராஜ்யத்த காப்பாத்தறதுக்காக ராஜ குடும்பமே கொலை பண்ற நெலைமைக்கு வந்துடுச்சு. 1917 ஜனவரில பிரிட்டிஷ் தூதர் புக்கானன், மக்களோட நம்பிக்கைய திரும்ப பெறணும்னு பக்குவமா சொல்லிப் பாத்தாரு. அதுக்கு ஜார், நான் அவங்க நம்பிக்கைய பெறணுமா இல்ல அவங்க என் நம்பிக்கைய பெறணுமான்னு கேட்டாருன்னு தூதரே எழுதி வச்சிருக்காரு.

பிப்ரவரி 22, ஜார் தலைநகரத்த விட்டு மொகில்யோவ் கெளம்புறாரு, அன்னைக்கே புதிலோவ் ஃபேக்டரி தொழிலாளிங்கள உள்ள விடாம கதவ பூட்டுறாங்க. மறுநாள் மகளிர் தினம், ரொட்டி க்யூவுல நின்னு நின்னு வெறுத்துப்போன நெசவாலை பொம்பளைங்க வேலைய விட்டு வீதிக்கு வந்து பக்கத்து ஃபேக்டரி ஆம்பளைங்களையும் இழுத்துட்டு வந்தாங்க. மூணாவது நாள் ரெண்டு லட்சத்துக்கு மேல ஸ்ட்ரைக். ராணி எழுதுறாங்க, இது போக்கிரிப் பசங்க வேலை, குளிர் அதிகமா இருந்தா வீட்லயே கெடந்திருப்பாங்கன்னு. ஜார் சாயங்காலம் டாமினோஸ் விளையாடுனேன்னு டைரில எழுதுறாரு. 25 ராத்திரி தந்தி அடிக்கிறாரு, நாளைக்குள்ள தலைநகர கலவரத்த நிறுத்தணும்னு. நிறுத்தணும்னா சுடணும், 26 ஞாயித்துக்கெழம சுட்டாங்க. அதுல சுட்ட வொலின்ஸ்கி ரெஜிமெண்ட் சிப்பாய்ங்க ராத்திரி பூரா தங்களுக்குள்ள பேசி, 27 காலைல இனிமே சுட மாட்டோம்னு அதிகாரிய கொன்னுட்டு பக்கத்து பாரக்ஸுக்கு போனாங்க, சாயங்காலத்துக்குள்ள பல்லாயிரம் சிப்பாய்ங்க மக்கள் பக்கம்.

டூமா தலைவர் ரொட்சியான்கோ தந்தி மேல தந்தி குடுத்தாரு, பதில் இல்ல. 27 ராத்திரி தம்பி மிகயில் தலைமையகத்துக்கு லைன் போட்டு, லுவோவ் இளவரசர பிரதமரா போட்டு புது மந்திரிசபை அமைக்க விடுங்கன்னு சொன்னாரு, பிரதமர் கொலித்சின் நான் விலகிக்கிறேன்னாரு. ஜார் குடுத்த பதில், இந்த நேரத்துல ஆள் மாத்த அனுமதிக்க முடியாது. தெருவுல அரசாங்கமே கெடையாது, இவரு மந்திரிசபைய மாத்த மாட்டேங்கறாரு.

28 விடியக்காலைல ரயில் ஏறுனாரு, வழி மறிச்சிருக்காங்கன்னு மார்ச் 1 ராத்திரி ப்ஸ்கோவ் போயி நின்னுச்சு. அங்க வடக்கு முனைத் தளபதி ஜெனரல் ரூஸ்கி மணிக்கணக்கா வாதாடுன பிறகு, டூமாவுக்கு பொறுப்பான மந்திரிசபைக்கு சரின்னாரு. 1915ல இதவிட கம்மியா குடுத்திருந்தாலே நாடு கொண்டாடியிருக்கும். மறுநாள் காலைல தலைநகரத்துல இருந்து ரொட்சியான்கோ சொன்ன பதில், நேரம் கடந்துடுச்சு, இனிமே முடிதுறப்புதான். ஜாருக்கு அடுத்தபடியா ராணுவ தலைமையகத்த நடத்துன ஜெனரல் அலெக்சேயெவ் எல்லா முனைத் தளபதிங்களுக்கும் தந்தி அடிச்சு அபிப்பிராயம் கேட்டாரு. புருசிலோவ், எவெர்ட், அப்பாவோட சித்தப்பா மகன் நிக்கொலாய் நிக்கொலாயெவிச், ஒருத்தர்கூட இருந்து சமாளிங்கன்னு சொல்லல. 1905ல ராணுவம் அவர் பக்கம் நின்னுச்சு, 1917ல நிக்கல, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற 12 வருஷத்த வீணாக்குனது வேற யாரும் இல்ல. அன்னைக்கு ராத்திரி டைரில சுத்தியும் துரோகம், கோழைத்தனம், வஞ்சகம்னு எழுதுனாரு.

வேற ராஜா இருந்திருந்தா தப்பிச்சிருக்குமான்னா, போரும் நிலப் பிரச்சனையும் யாரு இருந்தாலும் இருந்திருக்கும், ஜெர்மனி, ஆஸ்திரியா ராஜாக்களும் 1918ல தோத்துப் போனதோட போயிட்டாங்க. ஆனா 1915 ஆகஸ்ட்ல அந்த அணிக்கு சரின்னு சொல்ல பெரிய அறிவாளி தேவையில்ல, சாதாரணமா மத்தவங்க பேச்ச கேக்குற ஒருத்தர் போதும். அப்படி ஒரு ஆள் இருந்திருந்தா கலவரம் வந்திருக்கும், அதிகாரத்துல பங்கு கொடுத்திருப்பாரு, கிரீடம் தலைல இருந்திருக்கும்னுதான் நான் நம்புறேன்.

முடிதுறப்புலயும் அவர் அதே ஆளாத்தான் இருந்தாரு. மார்ச் 2 மத்தியானம் மகன் அலெக்சேய்க்கு பட்டம்னு ஒத்துக்கிட்டாரு. அப்புறம் டாக்டர் ஃபியொதொரோவ தனியா கூப்பிட்டு கேட்டாரு, இந்த நோய் குணமாகாதுன்னு அவர் சொன்னதும், டூமால இருந்து குச்கோவும் ஷுல்கினும் ராத்திரி வந்து சேர்றதுக்குள்ள மனச மாத்திக்கிட்டு, மகன் சார்பாவும் நானே துறக்குறேன், தம்பி மிகயில் வரட்டும்னு எழுதிட்டாரு. ஒரு அப்பாவா சரிதான். ஆனா வாரிசு உரிமைய வாரிசு சார்பா துறக்க சட்டத்துல எடமே இல்ல, பவுல் ஜார் 1797ல போட்ட வாரிசு சட்டம் அது. யாரையும் கேக்கல, மிகயிலையும் கேக்கல. 12 வயசு பையன் பேர்ல ஒரு இடைக்கால ஆட்சி அமைஞ்சிருந்தா சிப்பாய்ங்க ஏத்துக்கிட்டிருக்கலாம்னு டூமா ஆளுங்க நம்பிக்கிட்டு இருந்தாங்க, அந்தக் கணக்கும் போச்சு. மிகயிலுக்கு மறுநாள் காலைலதான் தான் ராஜான்னு தெரியுது, உயிருக்கு உத்தரவாதம் குடுக்க முடியுமான்னு ரொட்சியான்கோகிட்ட கேட்டாரு, முடியாதுன்னாரு, அரசியல் நிர்ணய சபை கேட்டுக்கிட்டா மட்டும் ஏத்துக்குறேன்னு கையெழுத்து போட்டு குடுத்துட்டாரு.